வானலையின் படிநிலைகள்: கொற்கைக் கரையும் அமெச்சூர் வானொலி உரிமமும்

கொற்கைக் கடலில் முத்துச்சிப்பி விளையும் பார்கள் எக்காலத்திலும் ஆள்வோரின் உடைமையாகவே கருதப்பட்டு வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டதைக் குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, குளித்தெடுத்தவற்றில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைத்த அந்தணருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதை எழுதிவைத்தார். போர்த்துக்கீசியர், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறினாலும் முறை மாறவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், தொள்ளாயிரம் பார் போன்ற பார்களை அதிகாரிகள் முன்னதாகவே சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தின் முதிர்ச்சியை மதிப்பிட்டு, குளிக்கும் பருவத்தை அறிவித்து, அனுமதி பெற்ற தோணிகளை மட்டுமே பாருக்குச் செல்லவிட்டனர்; கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் பிரிக்கப்பட்டது. குளிப்பவர் விரைந்து அடியில் இறங்குவதற்காகக் காலில் கோத்துக்கொள்ளும் கல்லே உரிமையை அளக்கும் அலகாகவும் இருந்தது. பரதவரின் சாதித்தலைவர் முதலியோர்க்கு வரியில்லாத கற்கள் தனிச் சலுகையாக வழங்கப்பட்டன. வேலியிட முடியாத கடலடியை அரசு தனதென்று அறிவித்து, யார், எங்கே, எப்போது, எத்தனை கல்லோடு இறங்கலாம் என்று வகுத்துக்கொடுத்த இந்த ஏற்பாடு, 1961-ஆம் ஆண்டின் கடைசி முத்துக்குளிப்போடு இக்கரையில் ஓய்ந்தது.

கடலடியைப் போலவே கண்ணுக்குப் புலப்படாததும் வேலிக்கு அடங்காததுமான வானலையையும் அரசு தன் உடைமையாக்கி, அதில் குடிமக்களுக்குச் சிறு சிறு உரிமைகளைப் படிநிலைகளாக வகுத்தளித்திருக்கிறது. அந்த உரிமைகளுள் பொருளீட்டும் நோக்கம் சிறிதும் இல்லாதது அமெச்சூர் வானொலி உரிமமாகும். ஹாம் ரேடியோ என்று பரவலாக அறியப்படும் இச்சேவை, வானொலித் தொழில்நுட்பத்தில் தனிப்பட்ட ஆர்வம் கொண்டவர், அரசின் அனுமதியோடு, தம்மைத் தாமே பயிற்றுவித்துக்கொள்ளவும், தம்மைப் போன்ற பிறருடன் செய்தி பரிமாறவும், தொழில்நுட்ப ஆய்வுகளைச் செய்துபார்க்கவும் ஏற்பட்டதென்று சர்வதேச விதிகள் வரையறுக்கின்றன. ஒலிபரப்பு நிலையம் பலருக்காகப் பேசுகிறது. அமெச்சூர் நிலையமோ தன்னையொத்த இன்னொரு நிலையத்துடன் மட்டுமே உரையாடுகிறது. இசை ஒலிபரப்பவோ, வணிகச் செய்தி அனுப்பவோ, பிறர் புரிந்துகொள்ள முடியாத மறைமொழியில் பேசவோ அதற்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு நிலையமும் தனக்கென வழங்கப்பட்ட அழைப்புக்குறியைச் சொல்லியே பேச வேண்டும். நடந்த தொடர்புகளைப் பதிவேட்டில் எழுதிவைக்கவும் வேண்டும்.

இந்தியாவில் இதற்கான சட்ட வேர் 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. தந்தியை நிறுவுதல், பராமரித்தல், இயக்குதல் ஆகிய மூன்றும் அரசுக்கே உரிய தனியுரிமை என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது; தனக்கு உகந்த நிபந்தனைகளோடு பிறருக்கு உரிமம் அளிக்கும் அதிகாரத்தையும் அப்பிரிவே அரசுக்கு வழங்குகிறது. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, கம்பிகளை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இச்சட்டம், பின்னர் வானலைக்கும் நீட்டிக்கப்பட்டது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, கருவியை இயக்குவது மட்டுமன்றி, உரிமமின்றிக் கைவசம் வைத்திருப்பதே குற்றமென்று ஆக்கியது. அது 1934 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு சட்டங்களின் நிழலில்தான் இந்திய அமெச்சூர் வானொலி ஏறத்தாழ முழு வரலாற்றையும் கழித்தது.

ஆயினும் சட்டம் இறுகுவதற்கு முன்பே ஆர்வலர்கள் முந்திக்கொண்டனர். 1921-இல் அமரேந்திர சந்திர குப்தா 2ஜேகே என்ற அழைப்புக்குறியுடன் நாட்டின் முதல் அமெச்சூர் வானொலியாளரானார். அதே ஆண்டில் முகுல் போஸ் 2எச்கியூ என்ற குறியுடன் இரண்டாமவரானார். தமிழகத்தில் இந்த ஆர்வம் சங்க வடிவம் பெற்றது. 1924 மே 16-ஆம் நாள் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலியோரின் முயற்சியில் தொடங்கப்பட்ட சென்னை மாகாண ரேடியோ கிளப், அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் ஆற்றலுள்ள ஒலிபரப்பியைக் கொண்டு நிகழ்ச்சிகளை வழங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றபோது கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1930 முதல் மாநகராட்சியின் ஒலிபரப்பாகத் தொடர்ந்தது. கடலின் மறுகரையிலும் கதை இதுவே. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியாளர் கொழும்பில் சிலோன் வயர்லெஸ் கிளப்பை அமைத்தார். அவரது முயற்சியே 1925 டிசம்பரில் கொழும்பு வானொலியாக மலர்ந்தது. மன்னார் வளைகுடாவின் இரு பக்கங்களிலும் வானொலியை முதலில் நாட்டிவைத்தவர்கள் ஊதியமின்றி உழைத்த ஆர்வலர்களே என்பதை ஒலிபரப்பு வரலாறுகள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

அலைவரிசை உரிமை என்னும் கருத்து உருவான விதமும் இக்காலத்தைச் சேர்ந்தது. ஒரு வானலை வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். அதிர்வெண் கூடக்கூட அலைநீளம் குறையும். நெடிய அலைகளே தொலைதூரம் செல்லும் என்று நம்பப்பட்ட நாளில், 1912-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், மதிப்பற்றவை என்று கருதப்பட்ட 200 மீட்டருக்கும் குறைந்த அலைகளுக்குள் அமெச்சூர்களை ஒதுக்கித் தள்ளியது. அந்த ஒதுக்குப்புறத்தில் அவர்கள் பொறுமையுடன் சோதனைகள் செய்து, 1923 நவம்பரில் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இருவழித் தொடர்பை ஏற்படுத்திக் காட்டினர். சிற்றலையே உலகைச் சுற்றிவரும் அலை என்பது வெளியானதும், கடற்படைகளும் வணிக நிறுவனங்களும் அரசு ஒலிபரப்புகளும் அந்த இடத்துக்குப் போட்டியிட்டன. 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு 160, 80, 40, 20, 10 மீட்டர் என்ற பட்டைகளை அமெச்சூர்களுக்கு வரையறுத்தது. முன்பு பரந்த வெளியாக இருந்தது அன்று முதல் குறுகிய பட்டைகளானது. ஆனால் அப்பட்டைகளுக்கு உலக அளவில் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 1929-இல் இந்திய அழைப்புக்குறிகளுக்கு வியூ என்ற முன்குறி நடைமுறைக்கு வந்தது.

1930-களின் நடுவில் இந்தியா முழுவதிலும் உரிமம் பெற்றவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலேயப் படை அதிகாரிகள். 1939-இல் போர் மூண்டதும் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டு, இருந்தவர்களும் கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்க ஆணையிடப்பட்டனர். 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் மறைவாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்குக் கருவி அமைத்துத் தந்தவர் நரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூர் வானொலியாளரே. அந்நிலையம் பயன்படுத்திய 42.34 மீட்டர் என்பது ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ், அமெச்சூர்களின் 40 மீட்டர் பட்டைக்குள்ளேயே அது விழுகிறது. வானலைக் கருவியின் மேல் அரசு கொண்டிருந்த அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான காரணம் அன்றைய ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டிருக்காது. வியப்பு என்னவெனில், விடுதலைக்குப் பின்னும் அந்த அச்சம் விதிகளில் நெடுங்காலம் தங்கியது.

1946-இல் உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டன. 1948-இல் மோவ் நகரின் படைத் தொடர்புப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தோன்றியது. 1954 மே 15-இல் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. உரிமம் வழங்கும் பொறுப்பு, 1952-இல் உருவான கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவிடம் சேர்ந்தது. இந்தப் பிரிவின் கீழ் நடைமுறைக்கு வந்த இந்தியக் கம்பியில்லாத் தந்தி (அமெச்சூர் சேவை) விதிகள், 1978 என்பனவே உரிம வகுப்புகளை விரிவாக வகுத்த ஆவணமாகும்.

அவ்விதிகளின்படி ஏணியின் அடிப்படியில் நின்றவர் சிற்றலை நேயர். பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் தேர்வின்றி இவ்வுரிமத்தைப் பெறலாம். ஆனால் கேட்கலாமே தவிரப் பேச இயலாது. அடுத்த படி இரண்டாம் தரம்: இதற்கும் பன்னிரண்டு வயதே போதும், ஒலிபரப்பியின் கடைசி நிலைக்கு அளிக்கப்படும் நேர்மின் ஆற்றல் 50 வாட் வரை இருக்கலாம். முதல் தரத்துக்குப் பதினான்கு வயதும் 150 வாட்டும், உச்சியிலிருந்த மேல்தர உரிமத்துக்குப் பதினெட்டு வயதும் 400 வாட்டும் விதிக்கப்பட்டன. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளில் இந்த அளவுகள் குறைந்தன. பின்னாளில் இவற்றோடு கட்டுப்படுத்தப்பட்ட இரண்டாம் தரம் என்ற வகுப்பும் சேர்ந்தது. மோர்ஸ் தேர்வு எழுதாதவர்களுக்கான அது, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ஆகிய உயர் பட்டைகளில் 10 வாட் ஆற்றலில் குரலால் பேச மட்டுமே இடமளித்தது. அழைப்புக்குறியிலும் படிநிலை தெரிந்தது: உயர்தரத்தாருக்கு வியூ2, கீழ்த்தரத்தாருக்கு வியூ3. அந்தமான் நிக்கோபாருக்கு வியூ4, இலட்சத்தீவுக்கு வியூ7 என்பவை இடம் சார்ந்த குறிகள்.

தேர்வு இரு பகுதிகளைக் கொண்டது. எழுத்துத் தேர்வின் ஒரு பிரிவு மின்னியலையும் வானொலிக் கோட்பாட்டையும், மற்றொரு பிரிவு இந்திய, சர்வதேச விதிகளையும் சோதித்தது. பெரும்பாலோரைத் திருப்பியனுப்பியது மோர்ஸ் தேர்வுதான். மோர்ஸ் என்பது எழுத்துகளைக் குறுகிய, நெடிய ஒலிகளாக மாற்றி அனுப்பும் குறிமுறை. ஐந்து எழுத்துகள் ஒரு சொல்லாகக் கணக்கிடப்படும். இரண்டாம் தரத்துக்கு நிமிடத்துக்கு ஐந்து சொற்கள், அதாவது ஐந்து நிமிடத்தில் 125 எழுத்துகளைக் கேட்டு எழுதவும், அதே வேகத்தில் சாவியைத் தட்டி அனுப்பவும் வேண்டும். முதல் தரத்துக்கும் மேல்தரத்துக்கும் வேகம் பன்னிரண்டு சொற்கள். அப்போது ஒரு வினாடிக்கு ஓர் எழுத்து வீதம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஓர் எழுத்தைத் தவறவிட்டு அதை யோசித்து நின்றால் அடுத்த மூன்றும் போய்விடும். புள்ளியும் கோடும் எண்ணிப் பார்ப்பவர் இந்த வேகத்தை எட்டவே முடியாது, ஒவ்வோர் எழுத்தையும் ஒரே ஓசையாக அடையாளம் காணும் அளவுக்குச் செவி பழகியிருக்க வேண்டும். அதற்கு நாள்தோறும் பயிற்சி, பல மாதங்கள் தேவைப்பட்டன.

தேர்வில் வென்ற இரண்டாம் தரத்தார் உடனே குரலில் பேசிவிடவும் முடியாது. மோர்ஸ் வழியாக நூறு தொடர்புகளை ஏற்படுத்தியதற்குச் சான்று காட்டிய பின்னரே, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான சிற்றலைப் பட்டைகளில் குரலைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. கடுமையான விதி எனினும் இதற்குள் ஒரு நியாயம் இருந்தது. மோர்ஸ் ஒலி மிகக் குறுகிய இடத்தையே அடைக்கும், இரைச்சலிலும் கேட்கும், கற்றுக்குட்டியின் பிழை அதிகம் பேரைத் தொந்தரவு செய்யாது. நூறு தொடர்புகளுக்குள் புதியவர், அலைவரிசையில் யாரேனும் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்த்து, காலியாக இருந்தால் மட்டும் அழைக்கும் ஒழுக்கத்தைக் கற்றுவிடுவார். பிற்காலத்தில் இவ்விதி மறைந்தபோது இழந்தது இந்தப் பயிற்சியைத்தான்.

இந்திய வகுப்புகள் ஆற்றலாலும் முறையாலும் பெரிதும் வேறுபடுத்தப்பட்டன என்பதைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் தனித்தனிப் பகுதிகள் உயர்தரத்தாருக்கென ஒதுக்கப்பட்டு, தேர்ச்சி உயர உயர இடம் விரியும் முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. இந்தியாவிலோ அன்று பட்டைகளே குறுகியவை. 3.5 முதல் 3.7 மெகாஹெர்ட்ஸ், அதற்கப்பால் தனியே 3.890 முதல் 3.900 வரை பத்தே கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டு, 7.0 முதல் 7.1, 14.0 முதல் 14.35, 21.0 முதல் 21.45, 28.0 முதல் 29.7 என்ற இப்பட்டைகளை மேலும் கூறுபோடுவதற்கு இடமும் இருக்கவில்லை, அதற்கு வேண்டிய அளவு ஆட்களும் இருக்கவில்லை.

இந்தப் பட்டைகளின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறுவதில்லை என்று விதிகள் கருதினாலும், இயற்கை அவ்வாறு கருதுவதில்லை. கொற்கைக் கரை இதற்கு நல்ல சான்று. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலம் என்னும் மின்னூட்டம் பெற்ற வளிமண்டல அடுக்கில் பட்டுத் திரும்பிச் சில நூறு கிலோமீட்டர் தொலைவைத் தழுவும். தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டரில் கொழும்பும், 470 கிலோமீட்டரில் பெங்களூரும், 530 கிலோமீட்டரில் சென்னையும் இருப்பதால் இவை அனைத்தும் அந்த ஒரே பட்டைக்குள் வந்துவிடுகின்றன. அதற்கு வேண்டிய ஆன்டெனா மொத்தம் இருபது மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி; நடுவில் பிரித்து இரு பனைகளுக்கிடையே கட்டினால் போதும். உப்புக்காற்று செம்பு இணைப்புகளைச் சீக்கிரம் பச்சை பூக்கவைக்கும் என்பது இக்கரையின் தொல்லை. உப்பளங்களின் ஈர நிலமும் கடல்நீரும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் செங்குத்தாக நாட்டிய ஆன்டெனா தொடுவானை ஒட்டித் தொலைதூரம் அலையைச் செலுத்தும் என்பது இக்கரையின் பேறு. 14 மெகாஹெர்ட்ஸ் அலையோ அருகிலுள்ள மாவட்டங்களைத் தாண்டிக் குதித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். 144 மெகாஹெர்ட்ஸ் பொதுவாகப் பார்வைக் கோட்டையே பின்பற்றும். பத்து மீட்டர் உயர ஆன்டெனாவுக்குத் தொடுவானம் சுமார் 13 கிலோமீட்டர்தான். எனினும் மன்னார் வளைகுடாவின் மேல் வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்காக அமையும் நாட்களில், அலை அவ்வடுக்குக்குள் சிக்கிக் கடலைக் கடந்துவிடும். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சியைத் தென்தமிழகக் கரையோர ஊர்கள் உயரமான கம்பங்களை நாட்டிப் பார்த்ததற்கு இயற்கையின் இந்த உதவியே காரணம். புவியின் காந்த நடுக்கோடு இப்பகுதியை ஒட்டிச் செல்வதால், அயனி மண்டலத்தின் நடத்தையும் இங்கே தனித்தன்மை கொண்டது. அதனை ஆராயவே திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது.

இத்தனை இயற்கை வசதியும் இருந்தும் இக்கரையில் அமெச்சூர் வானொலி வேரூன்றுவது எளிதாக இருக்கவில்லை. விண்ணப்பம் டெல்லிக்குச் செல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவரின் பின்புலம் காவல்துறை வழியாக விசாரிக்கப்பட வேண்டியிருந்தது. தேர்வு பெருநகரங்களின் கண்காணிப்பு நிலையங்களை மையமாகக் கொண்டு நடந்தது. வெளிநாட்டுக் கருவிகளின் மேல் விதிக்கப்பட்ட சுங்கவரி 1980-களில் தளர்த்தப்படும் வரை, பெரும்பாலோர் கழித்துப்போட்ட உதிரிப்பாகங்களைத் தேடிச் சேர்த்துத் தாமே கருவியை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவற்றுக்கு மேல் எல்லை. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லையை வரைந்தன. 1983-க்குப் பின் மறுகரையில் போர் மூண்டபோது, இக்கரையில் கம்பியில்லாக் கருவி ஐயத்துக்குரிய பொருளானது. கருவியைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சூழலில் கரையோரத்தில் முழு வலிமையோடு நின்றது. அதே காலத்தில் தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய ஆகாசவாணியின் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி இலங்கையை நோக்கிப் பேசியது. அரசுக்கு இரண்டு லட்சம் வாட். தேர்வெழுதிக் காத்திருந்த குடிமகனுக்கு ஐம்பது வாட். பாதுகாப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் தன் பெயரும் முகவரியும் அழைப்புக்குறியும் அரசிடம் பதிவாகி, அனைவரும் கேட்கத் திறந்த மொழியில் பேசுபவரையும், ஒளிந்து பேசுபவரையும் ஒரே ஐயத்தோடு நோக்கியது நியாயமன்று.

படிநிலைகளுக்குத் திரும்பினால், மறுகரையிலுள்ள இலங்கை தன் உரிமங்களை மூன்று படிகளாக வகுத்து, அவற்றை அழைப்புக்குறியிலேயே வெளிப்படுத்துகிறது: தொடக்க நிலையினருக்கு 4எஸ்5, பொது நிலையினருக்கு 4எஸ்6, மேல்நிலையினருக்கு 4எஸ்7. கேட்பவர் குறியைக் கேட்டவுடனே எதிர்முனையில் இருப்பவரின் தகுதியை அறிந்துகொள்ளும் இம்முறை தெளிவானது.

பெரும் மாற்றம் ஜெனீவாவிலிருந்து வந்தது. 2003-இல் அங்குக் கூடிய உலக வானொலி மாநாடு, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவோர் மோர்ஸ் அறிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயத்தை நீக்கி, அம்முடிவை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. அதே மாநாட்டின் முடிவால், 7.1 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை நிறைந்திருந்த ஒலிபரப்பு நிலையங்கள் 2009 மார்ச் இறுதியில் விலகி, ஆசியாவிலும் அவ்விடம் அமெச்சூர்களுக்குக் கிடைத்தது. இந்தியரின் 40 மீட்டர் பட்டை இருமடங்காகும் வழி பிறந்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியாவின் பல படி ஏணி இரண்டு படிகளாகச் சுருங்கியது. பொதுத் தரத்துக்கு 400 வாட் ஆற்றலும் நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தேர்வும் விதிக்கப்பட்டன. கட்டுப்படுத்தப்பட்ட தரத்துக்கு மோர்ஸ் தேவையில்லை, ஆற்றல் 50 வாட், சிற்றலையும் உண்டு. குறைந்தபட்ச வயது இரண்டுக்கும் பன்னிரண்டே. மோர்ஸைத் தாண்ட முடியாமல் 10 வாட்டோடு உயர் பட்டைகளில் மட்டும் நின்றுவிட்டவர்களுக்கு முதன்முறையாக உலகத்தோடு பேசும் வாய்ப்புக் கிட்டியது. பழைய ஏணி கைதேர்ந்தவர்களை உருவாக்கியது. ஆனால் மிகச் சிலரையே உருவாக்கியது. பெருநகரங்களுக்கு வெளியே, பயிற்றுவிப்பார் இல்லாத ஊர்களில் இருந்தவர்களை அது வாசலிலேயே நிறுத்தியது. ஆகவே சுருக்கம் சரியான முடிவே. 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்கு மாற்றாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரத் தொடங்கியுள்ளது.

உரிமத்தின் பயன் என்ன என்ற வினாவுக்குக் கடலே விடை தந்தது. 2004 டிசம்பர் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், நெடுங்காலம் அமெச்சூர் ஒலி கேட்காதிருந்த அந்தமானிலிருந்து வியூ4 குறியோடு உலகத்துடன் பேசிக்கொண்டிருந்தனர். டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் அற்றபோது, பொழுதுபோக்காக நடந்த அந்த நிலையமே போர்ட் பிளேயரை வெளியுலகோடு இணைத்தது. இலங்கையில் விக்டர் குணதிலக்க தலைமையிலான வானொலிச் சங்கத்தார் அழிவுற்ற அம்பாந்தோட்டைக்குக் கருவிகளோடு சென்று கொழும்புடன் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர். இலங்கைத் தீவு மறைத்துக் காத்ததால் தூத்துக்குடிக் கரை அன்று பெரும் அழிவிலிருந்து தப்பியது.

அடுத்த முறை அவ்வாறு தப்பவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரையை மீறியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், கொற்கை ஆகிய ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்த சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன திருச்செந்தூர் விரைவு ரயிலில் ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கினர். மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்து ஊர்கள் ஒன்றோடொன்று பேச இயலாமல் நின்றன. இத்தகைய நாளில் வேண்டப்படுவது 12 வோல்ட் கார் பேட்டரி, 50 வாட் கருவி, இருபது மீட்டர் கம்பி, அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆள். முதல் மூன்றையும் விலைக்கு வாங்கலாம். நான்காமவரை முன்கூட்டியே தேர்வெழுத வைத்திருக்க வேண்டும்.

மீனவர்களைப் பொறுத்தவரை ஒரு விளக்கம் தேவை. படகுகளில் உள்ள கடல்சார் வானொலி 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வேறு பட்டையில், வேறு உரிமத்தின் கீழ் இயங்குவது. அதன் பதினாறாம் தடமாகிய 156.8 மெகாஹெர்ட்ஸ் உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு உரியது. அமெச்சூர் உரிமம் வைத்திருப்பவர் அன்றாடம் அந்தப் பட்டையில் பேச முடியாது, படகோட்டி அமெச்சூர் பட்டையில் தொழில் பேசவும் முடியாது. உயிருக்கு ஆபத்து நேர்ந்த நிலையம் தன்னிடமுள்ள எந்த வழியையும் பயன்படுத்தி உதவி கோரலாம் என்று சர்வதேச விதிகள் இடமளிக்கின்றன. 2017 நவம்பர் இறுதியின் ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமற்போனதற்கு, கரையோரக் கருவிகளின் எட்டும் தொலைவு குறுகியது என்பதும் ஒரு காரணம். தொலைவு என்பது அலைவரிசையைப் பொறுத்தது என்ற அடிப்படை அறிவு கரையோர இளைஞரிடம் பரவினால், இரு சேவைகளுக்கும் அது நன்மை தரும்.

தூத்துக்குடி மாவட்டத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அமெச்சூர்களுக்கென்றே 2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு 2014 வரை உழைத்த ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோள், 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பியது. மிகச் சிறிய உரிமம் பெற்றவரும் அதன் வழியே பேசும்படி அந்த அலைவரிசைகள் அமைந்திருந்தன. ஏவுதளம் அருகில் அமையும் மாவட்டத்தின் பள்ளி மாணவர் தாமே ஆன்டெனா கட்டி விண்ணிலிருந்து வரும் ஒலியைக் கேட்பதற்கு இன்று தடையாக இருப்பது சட்டமன்று, வழிகாட்டல் இன்மையே. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உள்ள கல்லூரிகளின் இயற்பியல், மின்னணுவியல் துறைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கட்டுப்படுத்தப்பட்ட தரத் தேர்வுக்கு வகுப்புகள் நடத்தி, ஏரல் முதல் மணப்பாடு வரையுள்ள ஊர்களில் ஊருக்கு ஒருவரையாவது உரிமம் பெற வைக்க வேண்டும்; மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் அவர்களின் அழைப்புக்குறிகள் எழுதப்பட வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய எவருக்கும் அந்தத் தேர்வு திறந்தே இருக்கிறது.